தவறி விழுந்தால்தான் சேர்மானம்

சாலைக்கும் வயதாகும் என்ற விஷயம் முட்டைக்காரருக்கு வெகுநாள் தெரியாது. போட்ட புதிதில் வழவழவென்று இருக்கும், அப்புறம் குழி விழும், குழியில் வண்டி விழும், அவ்வளவுதான் என்று நினைத்து அவர் பாட்டுக்கு மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டிருந்தார். இதைப் பற்றி யோசிப்பதற்கென்றே மாடி வைத்த கட்டடம் ஒன்று தன் வழியிலேயே நிற்கிறது என்பதும், அதற்குச் சாலை மூப்பு ஆய்வகம் என்று பெயர் என்பதும் வாசல் பலகையில் பெரிதாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் அந்த இடத்தைக் கடக்கும்போது அவர் கண் ஒருநாளும் மேலே போனதில்லை. கண்ணெல்லாம் கீழே, குழியில்.

குழி ஆய்வகத்தின் வாசலுக்கு நேரே இருந்தது. ஒரு பக்கம் ஆய்வகத்தின் மதில், மறுபக்கம் சாக்கடை. நடுவிலிருந்த சாலையை முழுசாக விழுங்கிவிட்டு அது பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஒதுங்கிப் போக வழியில்லை. சுற்றிப் போகலாமென்றால் அந்தப் பக்கம் படிக்கட்டுப் பாலம்; வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஆகவே தினமும் காலையில் வண்டியை விட்டு இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தொட்டியில் இறக்குவதுபோல முன்சக்கரத்தை இறக்குவார். முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கும். பின்சக்கரங்கள் கேட்காது. தொம்மென்று விழும். ட்ரேக்களுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். தெருவில் ஆயிரம் சத்தம் இருந்தாலும் அது மட்டும் அவருக்கு வயிற்றுக்குள் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அடித்தட்டு ட்ரேயின் ஓரத்திலிருந்து வெள்ளையும் மஞ்சளுமாக ஒழுகிக் குழிக்குள் சொட்டும்.

அந்த முட்டைகள் போய்ச் சேர வேண்டிய இடம் மருத்துவமனைச் சமையலறை. கடைகளுக்குப் போடுவது அவருக்குக் கைச்செலவுக்குத்தான் காணும். வீட்டில் உலை கொதிப்பது மருத்துவமனை தயவில். அங்கே சமையலறையைக் கட்டி ஆள்கிற அக்கா நல்லவள். நல்லவள் என்பதால்தான் ஒரு நாள் நேருக்கு நேர் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, நோயாளிக்குக் குடுக்கற முட்டை. விரிசல் விட்டதை நான் உள்ள எடுக்க முடியாது. தினம் ஒருத்தன் வந்து நிக்கறான், என் முட்டையை எடுத்துக்குங்கன்னு. உங்க மூஞ்சிக்காகத் தள்ளிக்கிட்டே வர்றேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அக்கா இப்படிப் பண்ணிட்டாளேன்னு சொல்லக்கூடாது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் உடைந்த முட்டைகளை ஒரு கிண்ணத்தில் வழித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சில வருஷங்களாக மூன்று வேளையும் முட்டைதான்.

"குழிகிட்ட தினம் பதவிசா நடந்துக்கிட்டா அது மூடிக்குமா? குழிக்குச் சொந்தக்காரங்க யாரோ அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொந்தக்காரங்க யாருன்னு தெரியலையேம்மா."

"வாசல்லயே ஒரு ஆபீஸு இருக்கே. பலகையில என்ன எழுதியிருக்குன்னு ஒருநாளாவது தலையைத் தூக்கிப் பார்த்தீங்களா?"

மறுநாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மனசு நிறைந்துபோனது. சாலைக்கென்றே ஓர் ஆய்வகம். அதன் வாசலிலேயே குழி. பாவம், உள்ளே வேலை மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது, சொன்னால் ஓடிவந்து மூடிவிடுவார்கள் என்று நம்பினார். அவருக்கு உலகத்தைப் பற்றி அப்படி ஓர் அபிப்பிராயம் இருந்தது.

வாயில்காவலர் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அது குழின்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"வண்டி விழுதுங்களே."

"வண்டி விழும். அதுக்காகக் குழின்னு சொல்லிடறதா? இந்தத் தெருவே ஆராய்ச்சித் தெரு. துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுல போட்ட தாருலயும் ஒரு சேர்மானம் கலந்திருக்காங்க, தார் சீக்கிரம் கிழடு தட்டாம இருக்க. நீங்க சொல்ற இடம் ஏழாம் துண்டு. இருக்கறதுலயே ஒசந்த பொடி அதுலதான். அதைக் குழின்னு சொன்னா பொடி வாங்கினவங்க மனசு என்ன பாடு படும்?"

இருந்தாலும் இரக்கப்பட்டு, புகார் எழுதிக் கொடுங்கள் என்று உள்ளே அனுப்பினார்.

உள்ளே அடுப்பு அதிகாரி இருந்தார். அவருக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. அது கதவை அடைத்துக்கொண்டு எழுதியிருந்ததால் எல்லாரும் அடுப்பு அதிகாரி என்றே சொல்லிவந்தார்கள். அறை முழுக்க இரும்பு அடுப்புகள். தார் காற்றும் வெயிலும் பட்டு, உள்ளேயிருக்கிற எண்ணெய்ப்பசை போய், விறைத்து வெடிக்கப் பல வருஷம் ஆகுமாம். அதுவரை காத்திருக்க முடியாதென்று, தாரை அடுப்பில் வைத்துச் சுட்டு, அந்தப் பல வருஷ மூப்பையும் ஒரே பொழுதில் வரவழைத்துவிடுவார்கள். ஆய்வகத்தின் பெருமையே இந்த அடுப்புகள்தான். அடுப்புக்குள் போய் வராத எதையும் அங்கே யாரும் நம்புவதில்லை.

அடுப்பு அதிகாரி புகாரை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு எழுதினதா?"

"இப்பத்தாங்க, வாசல்ல வெச்சு."

"ரொம்பப் புதுசு. புதுசா இருக்கும்போது எல்லாமே நல்லாத்தான் இருக்கும். தாரானாலும் சரி, தாளானாலும் சரி, முதிர்ந்தப்புறம் எப்படி நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் நாங்க முடிவெடுப்போம்."

"முதிர எத்தனை நாளாகுங்க?"

"இயற்கையா விட்டா சில வருஷம். அவசரமா?"

"மாசக் கடைசிக்குள்ளங்க. வயித்துப் பொழப்பு."

"அப்ப சுட்டுடலாம்" என்றார் அதிகாரி, பெரிய உதவி செய்கிற முகத்தோடு.

புகாரை ஒரு தட்டில் விரித்து அடுப்புக்குள் வைத்தார்கள். முட்டைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, கதவின் கண்ணாடி வழியே தன் கையெழுத்து பழுப்பேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டால் உதிரும் பதத்தில் அதை வெளியே எடுத்து, ஆறவைத்து, அதிகாரி இடுக்கியால் பிடித்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"என்னங்க இது? பல வருஷத்துப் புகாரா இருக்கே! இவ்வளவு காலமா வாயை மூடிக்கிட்டு எங்க இருந்தீங்க?"

"ஐயா, இப்ப நீங்கதானே..."

"காலம் கடந்த புகாரை எடுத்துக்க எங்களுக்கு விதி இல்லை. வருத்தமாத்தான் இருக்கு. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

முட்டைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். எதற்காக மன்னிப்புக் கேட்டோம் என்று வீட்டுக்கு வந்து யோசித்தும் பிடிபடவில்லை.

*

அடுத்த வாரமே ஆய்வகத்து ஆட்கள் துளைபோடும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் உருளை உருளையாகச் சாலையைக் குடைந்து எடுத்து உள்ளே கொண்டுபோவது அவர்கள் வழக்கம். எல்லா உருளையும் வழக்கம்போல விறைத்து, விரல் வைத்தால் பொடிந்தன. குழியின் விளிம்பிலிருந்து எடுத்தது மட்டும் பிசுபிசுவென்று இளசாக இருந்தது. அலசிப் பார்த்ததில் எந்தச் சேர்மானப் பட்டியலிலும் இல்லாத ஒரு புரதம் அகப்பட்டது.

ஆய்வகமே பரபரத்துப்போனது. அது என்ன, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அடுப்பு அதிகாரி விடிகாலையிலேயே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முட்டை வண்டி வந்தது. முன்சக்கரம் பதவிசாக இறங்கியது. பின்சக்கரங்கள் தொம்மென்று விழுந்தன. வெள்ளையும் மஞ்சளும் ஒழுகின.

"சேர்மானம்!" என்று கத்திக்கொண்டு அதிகாரி உள்ளே ஓடினார்.

அன்று மாலையே இயக்குநர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. மனைவிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. துவைத்து வைத்திருந்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "பெரியவங்க காதுக்குப் போயிருக்கு. குழியை மூடிட்டுத்தான் உங்களைக் கூப்பிடறாங்க, பாருங்க" என்றாள். முட்டைக்காரரும் அப்படித்தான் நினைத்தார்.

இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் சாதாரணமாகப் பேசுகிற பழக்கத்தை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. எதிரில் ஒருவர் இருந்தாலும் ஓர் அரங்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"தாங்கள் நாள்தோறும் எமது ஏழாம் துண்டில் ஆற்றிவரும் பணியை நாங்கள் இதுவரை அறியாதிருந்தோம். ஆராய்ச்சி என்றாலே அப்படித்தான். அருகில் இருப்பது கடைசியில்தான் தெரியும். பெரும்பாலும் அதுவும் தெரியாது. இனி தங்களைச் சாலையில் போகிற வருகிற ஆளாக நாங்கள் கருதப்போவதில்லை. தாங்கள் ஒரு செயல்முறை."

"ரொம்ப சந்தோஷங்க. குழியை எப்ப மூடுவீங்க?"

இயக்குநரின் முகம் வெளிறியது. "மூடுவதா? பிறகு முட்டை எப்படி உடையும்?"

"உடையக் கூடாதுன்னுதாங்க..."

"ஐயா, சேர்மானம் சாலையில் சேர்வதற்கு இருக்கும் ஒரே கருவி அந்தக் குழி. அதை மூடுவது அறிவியலின் வாயை மூடுவதற்குச் சமம்."

 முட்டைக்காரருக்கு யார் மனசையும் நோகடிக்கப் பிடிக்காது. "வேணும்னா நான் தினம் ரெண்டு முட்டையைக் குழியில உடைச்சு ஊத்திட்டுப் போறேங்க. குழியை மூடிட்டு அது மேலயே ஊத்தறேன்."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். இயக்குநர் ஒரு விரலை உயர்த்தினார்.

"வேண்டுமென்று ஊற்றினால் அது கலப்படம். தவறி விழுந்தால்தான் சேர்மானம். இயற்கையாக நடப்பதை மட்டுமே இந்த ஆய்வகம் ஏற்கும். ஆகவே தாங்கள் முட்டை உடையக்கூடாது என்ற முழு மனத்தோடு வர வேண்டும். அது உடைய வேண்டும். தங்களுக்கு அதனால் மனவேதனை உண்டாக வேண்டும். இதில் எது குறைந்தாலும் முடிவு செல்லாது."

இழப்புக்கு ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டதற்கு, சாலை ஆய்வகத்தில் முட்டை வாங்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. ஆனால் வெளியே வந்தபோது குழியோரத்தில் ஒரு புதுப் பலகை நட்டிருந்தார்கள். 'இந்தக் குழியைச் சேதப்படுத்தாதீர்' என்று அதில் எழுதியிருந்தது. மழைத் தூறல் விழுந்துகொண்டிருந்ததால் ஓர் ஊழியர் குழிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

முட்டைக்காரருக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் சேர்மானம் என்று எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று பயந்து அடக்கிக்கொண்டார்.

*

மனைவி கேட்டதும் எழுந்தாள். பரணிலிருந்து பழைய தலையணைகளையெல்லாம் இறக்கினாள். வண்டியின் அடியில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, ட்ரேக்களுக்கு நடுவே கிழிந்த போர்வை என்று கட்டிக் கொடுத்தாள். மறுநாள் வண்டி குழியில் விழுந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. முட்டைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தெருவின் மற்ற சத்தங்களெல்லாம் அன்றைக்குத்தான் அவருக்குக் கேட்டன. மருத்துவமனை அக்கா ட்ரேக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "அண்ணே, இதுதானே நான் கேட்டது" என்றாள். மூன்று நாள் அந்த வீட்டில் முட்டை சமைக்கவில்லை.

நாலாம் நாள் அடுப்பு அதிகாரி வண்டியை நிறுத்தினார்.

"மூணு நாளா சேர்மானம் விழலையே? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கோம்."

"அதான் பிரச்சினை" என்றார் அதிகாரி. வண்டியைச் சுற்றி வந்து தலையணைகளை அமுக்கிப் பார்த்தார். பிடுங்கி எறியவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "நீங்க காப்பாத்தத்தான் பார்க்கணும். அது உங்க கடமை. எங்க கடமையை நாங்க செய்யறோம்" என்றார்.

அன்றே கடப்பாரையோடு ஆட்கள் வந்து குழியை இன்னும் ஆழமாக்கினார்கள். ஆழமாக்கியவர்கள் ஓரத்தைச் சேதப்படுத்தாமல் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததைப் பார்த்து முட்டைக்காரருக்கே வியப்பாக இருந்தது. இவ்வளவு நன்றாக வேலை செய்யத் தெரிந்தவர்களா இவர்கள்!

மறுநாள் தலையணைகள் கைவிட்டன. ட்ரேக்களைப் பார்த்த சமையலறை அக்கா கையைப் பிசைந்தாள். "நாளையோட மாசம் முடியுதுண்ணே. நாளைக்கு ஒரு முட்டை விரிசலா இருந்தாலும் நான் அந்த ஆளை வரச் சொல்லிடுவேன். எனக்கும் மேல பெரியவங்க இருக்காங்க."

அந்த நாளைதான் ஆய்வகத்துக்கும் பெரிய நாள். மேலிடத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஆய்வகத்தை வைத்திருப்பதா, இழுத்து மூடுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஆகவே வண்டி தவறாமல் வர வேண்டும், தவறி விழ வேண்டும் என்று வாயில்காவலர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி கதவைச் சாத்தினாள். வீட்டிலேயே பெரிய அண்டாவை எடுத்து அடுப்பில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினாள்.

"என்ன பண்ணப்போற?"

"அவங்க காலையில நோயாளிங்களுக்கு என்ன குடுக்கறாங்க?"

"அவிச்ச முட்டை."

"அதை நாமளே அவிச்சுக் குடுத்தா ஆகாதா? விழுந்தா ஒழுகாது. ஒழுகாத முட்டைக்குக் குழி என்ன, கிணறே வந்தாலும் என்ன?"

முட்டைக்காரர் தன் மனைவியைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "ஆனா நாளைக்கு ஆய்வகத்துல..." என்று இழுத்தார்.

"ஆய்வகமா நமக்கு உலை வைக்குது?" என்றாள் அவள், முட்டைகளைப் போட்டுக்கொண்டே.

*

காலையில் குழியைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசை நடுவில் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் எத்தனையோ ஆய்வகங்களை மதிப்பிட்டவர். எந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எல்லா இடத்திலும் கேட்கிற ஒரு கேள்வி அவரிடம் இருந்தது. அது வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

முட்டைக்காரர் வண்டியோடு ஓரமாக நிறுத்திவைக்கப்பட்டார். இயக்குநர் பேசத் தொடங்கினார்.

"அவையோரே! இந்த ஆய்வகம் தொடங்கியபோது, சாலைகள் ஏன் சீக்கிரம் மூப்படைகின்றன என்பது எவருக்கும் தெரியாது. இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பின் இன்று அது ஏன் தெரியவில்லை என்பதைத் துல்லியமாகச் சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறோம். தாரில் டயர் ரப்பர் தூளைச் சேர்த்துப் பார்த்தோம். வெயிலில் சாலை மக்களின் செருப்போடு ஒட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனது. சாலை வசதி வீடுதோறும் சென்றடைய வேண்டும் என்ற கனவை அன்று நனவாக்கினோம். பலகாரம் பொரித்த எண்ணெயைச் சேர்த்தோம். தெருநாய்கள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து நக்கின. எங்கள் ஆய்வைத் தேடி ஓர் உயிர் வந்தது அதுவே முதல் முறை. சுண்ணாம்பைச் சேர்த்தோம். அது நன்றாகவே வேலை செய்தது, சாலை மூப்படையவில்லை. மூப்படையாத சாலையை வைத்துக்கொண்டு மூப்பு ஆய்வகம் என்ன செய்வது? அந்தத் துண்டை உடனே பெயர்த்து எடுத்துவிட்டோம்."

கைதட்டல் எழுந்தது. முட்டைக்காரரும் மற்றவர்களைப் பார்த்துத் தட்டினார்.

"இவற்றையெல்லாம் மிஞ்சிய சேர்மானத்தை இப்போது நீங்கள் நேரில் காணப்போகிறீர்கள். இந்த மனிதர் ஒன்றும் அறியாதவர். உடையக்கூடாது என்று மனதார விரும்புகிறார். கவனியுங்கள்!"

முட்டைக்காரர் வண்டியை இறக்கினார். ஆழமாக்கப்பட்ட குழியில் பின்சக்கரங்கள் இடிமாதிரி விழுந்தன. மேல்தட்டு ட்ரேயிலிருந்து ஒரு முட்டை எகிறிக் குதித்து, சாலையில் உருண்டு, குழுத் தலைவரின் செருப்பருகே போய் நின்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. எல்லாரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். குழி காய்ந்து கிடந்தது.

அடுப்பு அதிகாரி குனிந்து முட்டையை எடுத்தார். நாற்காலிக் கையில் தட்டினார். ஓட்டை உரித்தார். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது.  "ஐயா... இது விறைச்சுப் போயிருக்கு" என்றார்.

இன்னொருவராக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இயக்குநர் ஒரு கணம்தான் தடுமாறினார். அவர் சும்மா இயக்குநர் ஆகவில்லை.

"பார்த்தீர்களா! முதிர்ந்துவிட்டது! சூடு பட்டதும் எப்படித் தார் இறுகுகிறதோ அப்படியே முட்டையும் இறுகிவிட்டது. சாலையின் மூப்பைத் தடுக்கச் சேர்மானம் கண்டோம். சேர்மானத்தின் மூப்பைத் தடுக்க என்ன செய்யப்போகிறோம்? சேர்மானத்துக்கு ஒரு சேர்மானம் வேண்டாமா? அதற்கு ஒரு தனிக் கட்டடம் வேண்டாமா?"

இந்த முறை கைதட்டல் பலமாக இருந்தது. குழுத் தலைவர் கண்ணைத் திறந்தார். உரித்த முட்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, மென்று முடித்துவிட்டு, எல்லா இடத்திலும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஒப்பிட்டுப் பார்க்க என்ன வெச்சிருக்கீங்க?"

குழுத் தலைவரே விளக்கினார்.

"ரெண்டு இடம் வேணுமே. ஒண்ணுல குழியும் முட்டையும் இருக்கணும். இன்னொண்ணுல குழியும் இருக்கக்கூடாது, முட்டையும் விழக்கூடாது. அப்பத்தானே வித்தியாசம் தெரியும்? நான் விருந்தினர் மாளிகையிலதான் இருக்கேன். நாளைக் காலையில வந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

முட்டைக்காரர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கூட்டத்தின் சந்தடியில் நாலு பேரைப் பிடித்து வண்டியைக் குழியிலிருந்து மேலேற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார். அக்கா ஒரு முட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தாள், இன்னொன்றை எடுத்துத் தட்டினாள், வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னிக்குத் தப்பிச்சீங்க. எனக்கும் அடுப்பு வேலை மிச்சம். ஆனா நாளையிலிருந்து வார்டுல பாதிப் பேருக்கு ஆம்லெட்டு. அவிச்ச முட்டையில ஆம்லெட்டு எப்படிப் போடறதுன்னு உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா சொல்லி அனுப்புங்க. இல்லேன்னா நாளைக்குப் பச்சை முட்டை வரணும், முழுசா வரணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா நாளன்னைக்கு நீங்க வர வேண்டாம்."

*

மறுநாள் காலையில் பச்சை முட்டைகளோடு, தலையணைகளோடு, சாவுக்களையோடு அவர் குழியை நெருங்கினார். அங்கே இயக்குநர், அடுப்பு அதிகாரி, குழுத் தலைவர் மூவரும் நின்றிருந்தார்கள். ஒரு பக்கம் தார் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் கடப்பாரை ஆட்கள்.

"உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார் அடுப்பு அதிகாரி. "ரெண்டு இடம் தேர்ந்தெடுக்கணும். குழி எங்க இருக்கணும், எங்க இருக்கக்கூடாதுன்னு. அதை நாங்க சொன்னா பாரபட்சம் ஆயிடும். சாலையைப் பத்தி ஒண்ணும் தெரியாதவர்தான் சொல்லணும்னு விதி. அப்படி ஒருத்தரை முதல்ல ஆய்வகத்துக்குள்ளயே தேடினோம். நிறையப் பேர் இருந்தாங்க. ஆனா யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

முட்டைக்காரருக்குப் புரியவில்லை. "நான் எங்க சொல்றேனோ அங்கயா?"

"அங்கயேதான். சொன்னதுக்கப்புறம் மாத்த முடியாது."

"ஒண்ணுல குழி இருக்கக்கூடாது?"

"வழவழன்னு இருக்கணும். முட்டை விழவே கூடாது."

முட்டைக்காரரின் கை தானாக நீண்டு காலடியிலிருந்த குழியைக் காட்டியது. "அப்ப இது" என்றார். 

"குழி இருக்க வேண்டிய இடம்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தெருவில் போகிற வருகிறவர்களை நினைத்தார். பால்காரர் இருக்கிறார், பள்ளிக்கூட வண்டி இருக்கிறது. யார் தலையில் கொண்டுபோய் வைப்பது? திறந்திருந்த வாசல் வழியே ஆய்வகத்துக்குள் பார்வை போனது. உள்ளே, கூரை போட்ட நிழலில், அந்த வளாகத்திலேயே கண்ணாடி மாதிரி இருந்த ஒரே தரையில், இயக்குநரின் கார் நின்றிருந்தது. அந்த இடத்தில் எந்தச் சேர்மானமும் சோதித்துப் பார்க்கப்பட்டதில்லை.

"அதோ, அங்கங்க" என்றார்.

இயக்குநர் முதல்முறையாகச் சாதாரண மனிதரைப்போல் பேசினார். "யோவ், அது என் காரு நிக்கற இடம்யா!"

"மாத்த முடியாதே" என்று குழுத் தலைவர் வருத்தத்தோடு சொன்னார். "அது சரி, அங்க முட்டை எப்படி விழும்? அந்த வழியா தினம் ஒரு வண்டி முட்டையோட போகணுமே?"

அடுப்பு அதிகாரி பொறுப்பானவர். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். "அந்த வழியாப் போற வண்டி ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றார்.

குழுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். முட்டைக்காரர் வண்டியோடு ஓரமாக உட்கார்ந்து, குழி நிறைவதை, தார் அமுக்கும் உருளை அதன்மேல் ஏறி இறங்குவதை, கடைசியில் தண்ணீர் தெளித்ததும் ஆவி எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் பார்த்ததில்லை. அதன்மேல் முதல் வண்டியாக ஏறிப் போய், கொஞ்சம் தாமதமாக, முழு முட்டைகளை அக்காவிடம் கொடுத்தார். அக்கா கடைசி ட்ரேவரை எண்ணி உள்ளே எடுத்துக்கொண்டாள். மறுநாளும் வரச் சொன்னாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் இயக்குநரின் கார் ஓட்டுநர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, எங்களுக்கும் தினம் ஒரு ட்ரே வேணும். ஐயா தன் கைக்காசுலதான் வாங்கறார். ஆய்வகத்துல முட்டைக்கு விதி இல்லையாம்." குரலைத் தாழ்த்தினார். "ஒரு சின்ன உதவி. ஐயா ட்ரேயை மடியில வெச்சுக்கிட்டுப் பின்னாடி உட்கார்றார். குழியில ஏறி இறங்கறோம். கடையில வாங்கற முட்டை உடைய மாட்டேங்குது. தானா உடையணும், வேணும்னு உடைச்சா கலப்படமாம். உடையற வரைக்கும் ஐயா கீழ இறங்கக்கூடாது. நேத்து மத்தியானம் வரைக்கும் ஏறி இறங்கினோம். அவருக்கு இடுப்பு போச்சு. கொஞ்சம் மெல்லிசு ஓடா, லேசாப் பட்டாலே உடையற மாதிரி பார்த்துக் குடுங்கண்ணே."

"அதுக்கென்ன, குடுத்துட்டாப் போச்சு" என்றார் முட்டைக்காரர்.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு முட்டையாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் சுண்டிப் பார்த்து, இருப்பதிலேயே கெட்டியான ஓடாகப் பொறுக்கி ட்ரேயில் அடுக்கினார்.